இரண்டு பூட்டும் ஒரு மடி வேட்டியும்

என் தையல் மிஷின் ஜன்னலோரமாக இருப்பது வெளிச்சத்துக்காக. அங்கே உட்கார்ந்தால் எதிரிலிருக்கும் கே.எம். லாட்ஜின் வரவேற்பு மேஜையும் மாடிப்படியும் இரண்டாம் மாடி வராந்தாவும் தெரிகின்றன என்றால், அது கட்டடம் கட்டிய மேஸ்திரியின் குற்றம். மொட்டை மாடியைப் பார்க்க மட்டும் நான் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெருவில் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

டவுண் தெற்கு ரத வீதியிலிருந்து பிரிகிற சந்து எங்களுடையது. லாட்ஜ் மேலப்பாளையம் காஜா முகைதீனுடையது. அதைப் பத்தொன்பது வருஷமாக நடத்திவந்தவர் சத்தியநேசன். மேனேஜர் என்று பெயர். குழாய் ஒழுகினால் பிளம்பரும் அவர்தான். மாஞ்சோலைக்காரர். மனைவி தேன்மொழி மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் இவர் மலை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எஸ்டேட் ஆட்களையெல்லாம் கீழே இறக்கிவிட்ட பிறகு, போன வருஷம் அவளும் இரண்டு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். கீழே அவர்களுக்கு என்று ஒரு சாண் இடம் கிடையாது. லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை உண்டு. நிமிர்ந்து நின்றால் சத்தியநேசனுக்குத் தலை இடிக்கும். அதுதான் வீடு.

இந்த லாட்ஜுக்கு மாசம் தவறாமல் வருகிற ஆட்கள் இருபது பேராவது இருப்பார்கள். மருந்துக் கம்பெனிக்காரர்கள், ஜவுளி ஏஜெண்டுகள், பரீட்சைத்தாள் திருத்த வருகிறவர்கள். அவர்களில் ரொம்பப் பழையவர்கள் இரண்டு பேர். அண்ணன் லக்ஷ்மிநாராயணன், சென்னையில் பாங்கு உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். தம்பி முகுந்தன், புனேயில் பேராசிரியராக இருந்தவர். கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில் அவர்கள் அப்பா விட்டுப்போன வீடு யாருக்கு என்று ஒன்பது வருஷமாக வழக்கு. அம்பாசமுத்திரத்தில் தோற்றவர் அப்பீல் போட்டு, அது பாளையங்கோட்டைக்கு வந்து, மாசம் ஒரு வாய்தா. வீட்டு வாசல் கதவில் ஆளுக்கு ஒரு பூட்டு. அண்ணன் சாவி இல்லாமல் தம்பி நுழைய முடியாது, தம்பி சாவி இல்லாமல் அண்ணன் நுழைய முடியாது. சொந்த ஊரில் சொந்த வீடு இருக்க, இரண்டு பேரும் லாட்ஜில் தங்குகிறார்கள். அதுவும் ஒரே லாட்ஜில்.

"வேற லாட்ஜுக்குப் போகப்படாதா சார்?" என்று நான் ஒருதரம் லக்ஷ்மிநாராயணனிடமே கேட்டேன். சட்டையில் பித்தான் தைக்க வந்திருந்தார்.

"நான் ஏன் போகணும்? இங்க முதல்ல வந்தவன் நான். போறதா இருந்தா அவன் போகட்டும்."

தம்பியிடமும் கேட்டேன். அட்சரம் பிசகாமல் அதே பதில்.

அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்கு அடியில் ஒன்பது வருஷம் மாசம் மூன்று நாள் தங்கியும், ஒரு தடவைகூட மாடிப்படியில் முகத்தோடு முகம் பார்த்ததில்லை. அதுதான் சத்தியநேசனின் கைவரிசை. அண்ணனுக்கு இரண்டாம் மாடி, தம்பிக்கு மூன்றாம் மாடி. அண்ணன் ஆறு மணிக்குக் குளிக்கப் போனால், தம்பி ஏழரைக்கு. அண்ணனுக்குக் காப்பி வரும் நேரத்தில் தம்பியின் அறையில் பேன் ரிப்பேர் பார்க்கப்படும், அவர் வெளியே வர முடியாது. இருவருக்கும் தலையணை கல் மாதிரி இருக்க வேண்டும். இருவருக்கும் வாளி இரண்டு, ஒன்றில் மூடி. இருவருக்கும் காப்பியில் சீனி ஆகாது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே. ஆனால் "தம்பிக்கும் இப்படித்தான் சார்" என்று சத்தியநேசன் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் அன்றிலிருந்து காப்பியில் சீனி போட்டுக் குடித்திருப்பார்.

இதெல்லாம் எந்த நோட்டிலும் கிடையாது. சத்தியநேசனின் தலைக்குள் இருந்தது.

சித்திரையில் காஜா முகைதீனுக்கு முட்டி தேய்ந்து, மகன் ஆமிர் துபாயிலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே பெரிய ஹோட்டலில் அறைகளைக் கவனிக்கிற சூப்பர்வைசர். வந்த வாரமே போர்டு மாறியது: கே.எம். ரெஸிடென்ஸி. வாசலில் இரண்டு தொட்டிச் செடி. வரவேற்பு மேஜையில் ஒரு மணி. தட்டினால் 'டிங்' என்று சத்தம். சந்தில் போகிற பிள்ளைகளெல்லாம் அதைத் தட்டிவிட்டு ஓட ஆரம்பித்தன.

அடுத்து, கட்டில்மேல் துண்டை மடித்து கொக்கு செய்து வைத்தான். லக்ஷ்மிநாராயணன் ஆனி மாச வாய்தாவுக்கு வந்து அறைக்குள் போனவர், கொக்கைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்.

"சத்தியநேசன், இது என்னய்யா?"

"கொக்கு, சார்."

"கொக்குன்னு எனக்குத் தெரியறது. என் படுக்கையில ஏன் இருக்கு?"

ஆமிர் ஓடிவந்தான். "சார், அடிக்கடி வர்ற விருந்தாளிங்களுக்கு ஒரு சந்தோஷம். வீடு மாதிரி இருக்கணும்ல."

"எங்க வீட்ல கொக்கு கிடையாது. துண்டு துண்டா இருக்கட்டும்."

சத்தியநேசன் சிரிக்கவில்லை. ஆனால் மேஜைக்குக் கீழே குனிந்து, இல்லாத பேனாவைத் தேடினார். ஆமிர் அதைப் பார்த்துவிட்டான். நானும்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே இருவருக்கும் முட்டிக்கொண்டது. தேன்மொழி மறுநாள் என்னிடம் கொஞ்சம் பால் கடன் வாங்க வந்தபோது ஒன்று விடாமல் சொன்னாள். ஆமிர் ஒரு படிவம் அச்சடித்திருந்தான், இருபத்திரண்டு கேள்வி. எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பீர்கள், எந்தப் பத்திரிகை படிப்பீர்கள், துணி சலவை தேவையா, இப்படி. வாடிக்கையாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம்.

"அண்ணாச்சி, உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே. நீங்களே நிரப்பிக் குடுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது, தம்பி."

"பத்தொன்பது வருஷமா இருக்கீங்க."

"இருக்கேன். தெரியாது."

ஆமிர் மடையனில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. சத்தியநேசன் தலைக்குள் இருப்பது காகிதத்துக்கு வந்த மறுநாள், அந்தத் தலை தேவையில்லை. சத்தியநேசனுக்கும் அது தெரியும். அதனால்தான் கொடுக்க மாட்டேன் என்றார்.

"சரி," என்றானாம் ஆமிர். "மாடிப்படி ரூமை எனக்குக் காலி பண்ணித் தாங்க. ரெகுலரா வர்றவங்க உட்கார்ந்து பேச, பேப்பர் படிக்க ஒரு இடம் வேணும். சோபா போடப் போறேன்."

"அங்கன நிமிர்ந்து நிக்க முடியாதே, தம்பி."

"உட்காரத்தானே போறாங்க. ஒண்ணு பண்ணுங்க. நம்மகிட்ட ரொம்ப நாளா வர்றவரு லக்ஷ்மிநாராயணன் சார். ஆடியில அவரு வாயால இந்த லாட்ஜைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வரட்டும், அதைப் போன்ல எழுதிப் போடட்டும், நீங்களும் உங்க சம்சாரமும் அந்த ரூம்லயே இருங்க. வரலைன்னா ஆவணி ஒண்ணாம் தேதி சோபா வந்துரும்."

"அந்த மனுசன் சொந்தத் தம்பியப் பத்தியே நல்ல வார்த்தை சொன்னது கெடையாது. நம்ம லாட்ஜப் பத்தியா யக்கா சொல்லப் போறாரு?" என்று தேன்மொழி என்னிடம் கேட்டாள். பாலைத்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆடியில் அவர்களுடைய அப்பாவின் திதி. வாய்தா மாசா மாசம். திதி வருஷத்துக்கு ஒன்று. வழக்கு நடப்பதால் சேர்ந்து செய்ய மாட்டார்கள். அண்ணனுக்குக் குறுக்குத்துறையில் திதி செய்துவைக்க ஒரு வாத்தியார், தம்பிக்கு அதே தெருவில் வேறொரு வாத்தியார். ஒரே அப்பாவுக்கு ஒரே நாளில் பத்து வீடு தள்ளி இரண்டு திதி. அந்த அப்பா எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போவார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

திதிக்குக் கட்டுகிற வேட்டி மடியாக இருக்க வேண்டும். முதல் நாளே அவரவரே நனைத்துப் பிழிந்து, உயரக் கொடியில் மூங்கில் கம்பால் தள்ளி உலர்த்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் கையும் படக்கூடாது. குளித்துவிட்டு வந்து கம்பால் எடுத்து உடுத்த வேண்டும். யாராவது தொட்டால் விழுப்பு. மறுபடி நனைக்க வேண்டியதுதான். இதற்காகவே சத்தியநேசன் இரண்டாம் மாடி வராந்தாவில் ஒரு கொடி, மொட்டை மாடியில் ஒரு கொடி என்று கட்டி, ஒரு கம்பும் வைத்திருந்தார். அண்ணனுக்கு வராந்தா, தம்பிக்கு மாடி. அந்த இரண்டு நாளும் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. வேலைக்காரர்களிடம் "அந்தப் பக்கம் போன, கால ஒடிப்பேன்லே" என்பார், அவ்வளவுதான். யாருக்கும் காரணம் சொன்னதில்லை.

ஆமிருக்கும் சொல்லவில்லை.

ஆமிர் நேரிலேயே கொடுத்து வாங்கிய படிவத்தில் "துணி சலவை தேவையா" என்ற கேள்விக்கு லக்ஷ்மிநாராயணன் பதில் எழுதாமல் விட்டிருந்தார். மற்றதற்கெல்லாம் எழுதியிருந்தார். "எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பீர்கள்" என்பதற்கு "உமக்கு எதற்கு" என்று பதில். ஆமிர் அந்தக் காலி இடத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தான். துபாயில் அப்படித்தானாம். கேட்காமல் செய்து வைத்தால்தான் விருந்தாளி அசந்துபோவாராம்.

திதியன்று காலை ஆறு மணிக்கு லக்ஷ்மிநாராயணன் குறுக்குத்துறை ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பினார். ஆடிக் காற்று வராந்தாவில் அந்த வேட்டியைப் பாய்மரம் மாதிரி உப்பவைத்துக்கொண்டிருந்தது. நான் அப்போதுதான் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஆறே முக்காலுக்கு, சலவைக்கென்று புதிதாக வைத்திருந்த மாரிசெல்வம் வராந்தாவுக்கு வந்தான். வேட்டியைப் பார்த்தான். எட்டிப் பிடித்து உருவினான். தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

படியில் சத்தியநேசன் ஏறிக்கொண்டிருந்தார்.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மாரிசெல்வம் தோளில் வேட்டி. சத்தியநேசன் அதைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு வார்த்தை. "வைலே அத" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சத்தியநேசன் சுவரோடு ஒதுங்கி நின்று அவனுக்கு வழிவிட்டார்.

எல்லாம் தெரிந்த ஆமிர் எல்லாவற்றையும் செய்துகொள்ளட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பெரியவர் ஆமிரைத்தான் கிழிப்பார், கொக்குக்குக் கிழித்த மாதிரி, அதோடு இந்தப் படிவமும் மணியும் தொலையும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

எட்டு மணிக்கு லக்ஷ்மிநாராயணன் ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு வயசு, இளைப்பு உண்டு. கம்பை எடுத்துக்கொண்டு கொடிக்குப் போனார். கொடி வெறுமையாக இருந்தது. அறைக்குள் போனார். அவருடைய மடி வேட்டி இஸ்திரி போட்டு, அத்தர் தெளித்து, சதுரமாக மடித்துக் கட்டில்மேல் இருந்தது. அதன்மேல் ஒரு சாக்லேட். சாக்லேட்டுக்குக் கீழே ஒரு அட்டை: இது உங்கள் வீடு.

அந்தச் சத்தம் ரத வீதி அல்வாக் கடை வரைக்கும் கேட்டதாம்.

"எவன்டா தொட்டது? எவன்டா என் மடியைத் தொட்டது?"

ஆமிர் சிரித்த முகமாக மேலே ஓடினான். ஆச்சரியத்தில் கத்துகிறார் என்று நினைத்தான் போலிருக்கிறது. "சார், பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவா? பத்து மணிக்கு எங்கப்பாவுக்குத் திதி. இஸ்திரிப் பெட்டியும் சென்ட்டும் போட்டு வெச்சிருக்கே! இதைக் கட்டிண்டு நான் எங்க போறது, கல்யாணத்துக்கா?"

"சார், நாங்க வீடு மாதிரி..."

"வீடா? என் வீட்ல ரெண்டு பூட்டு தொங்கறது! உனக்குத் தெரியுமா?"

ஆமிருக்குத் தெரியாது. அவன் முகம் வெளுத்துவிட்டது. சத்தியநேசன் படியில் கைகட்டி நின்றார், வெற்றியோடு. அங்கேதான் கணக்கு தப்பியது. லக்ஷ்மிநாராயணன் ஆமிரை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இவன் புதுசு. இவனுக்கு என்ன தெரியும்? நீ ஒன்பது வருஷமா கொடி கட்டறே. நீ எங்கய்யா போயிருந்தே?"

"நான் பாக்கல, சார்."

"நீ பாக்காதது இந்த லாட்ஜ்ல எது? ஈரத்தோட உக்காந்தா எனக்கு இளைக்கும்னு உனக்குத் தெரியாதா? என்னைக் கொல்லப் பாக்கறியா? எழுதறேன். உன் பேரைப் போட்டு எழுதறேன்."

ஆமிர் மெதுவாக, "சார் சரியாத்தான் சொல்லுதாரு, அண்ணாச்சி," என்றான்.

சத்தியநேசனின் கைகட்டு அவிழ்ந்தது. மாடிப்படிக்கு அடியில் தேன்மொழி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டது அவளுக்கு. சத்தியநேசன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கம்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்.

நான் எட்டிப் பார்த்தேன்.

மாடிக் கொடியில் முகுந்தனின் வேட்டி உலர்ந்து கிடந்தது. முகுந்தன் ஏழரைக்கு ஆற்றுக்குப் போனவர், ஒன்பதுக்குத்தான் வருவார். சத்தியநேசன் அந்த வேட்டியைக் கம்பு நுனியால் எடுத்தார். சத்தியமாகக் கையால் தொடவில்லை. பாம்பைத் தூக்கிப்போகிற மாதிரி கம்பை முன்னால் நீட்டியபடியே படியிறங்கினார்.

"சார், மடி வேட்டி. யாரும் தொடல. நேத்தே எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு நனைச்சு மேல போட்டிருந்தேன்."

"நீ நனைச்சா மடியாகுமா?"

"ஒரு அய்யரை வெச்சு நனைச்சது, சார்."

அது பொய்யும் இல்லை.

லக்ஷ்மிநாராயணன் சந்தேகத்தோடு பார்த்தார், இருமினார், கம்பிலிருந்து வேட்டியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். எட்டரைக்கு அவர் ஆட்டோ ஏறியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவர் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டே ஆமிரைத் திட்டினார். விபூதி இட்டுக்கொண்டே சத்தியநேசனைத் திட்டினார். கொக்கிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் திட்டி முடிக்க ஒன்பதாகிவிட்டது.

ஒன்பதுக்கு முகுந்தன் ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, நேரே மாடிக்கு ஏறினார். சத்தியநேசன் பின்னாலேயே போய் "சார், பேன் ரிப்பேர்..." என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். முகுந்தன் மேலே போன வேகத்திலேயே இறங்கினார். வரவேற்பு மேஜைக்கு முன்னால், லாட்ஜுக்குள் ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக, அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள்.

முகுந்தன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டியைத்தான் பார்த்தார். கரையோரத்தில் மாடிக் கொடிக்கம்பியின் துருக்கறை, வெற்றிலை வடிவத்தில்.

"அது என் வேஷ்டி."

லக்ஷ்மிநாராயணன் குனிந்து பார்த்தார்.

"வீட்டை எடுத்துண்டே. இப்ப வேஷ்டியுமா?"

"நான் எங்கடா எடுத்தேன் வீட்டை? பூட்டுப் போட்டவன் நீ!"

"முதல் பூட்டு உன்னோடது!"

"அப்பா உயிரோட இருக்கறப்பவே நான் போட்ட பூட்டு அது!"

"அவிழ்த்துக் குடு!"

"இங்கயா? இந்தப் பொம்மனாட்டிகள் முன்னாலயா?"

பொம்மனாட்டிகள் என்றது தேன்மொழியை. ஒருவேளை என்னையும் சேர்த்து. நான் அதற்குள் தெருவுக்கே இறங்கி வந்திருந்தேன். அளவு நாடா கழுத்தில் கிடந்தது. பால்காரர், பூக்காரி, பள்ளிக்கூட வேன் டிரைவர் எல்லாரும் நின்றார்கள். யாரோ ஒரு பிள்ளை மணியைத் தட்டிவிட்டு ஓடியது. டிங்.

"உனக்கு இந்த வேஷ்டி எப்படி வந்தது?" என்று முகுந்தன் கத்தினார்.

"இவன் குடுத்தான்!"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒரே மாதிரிக் கழுத்து, ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி நீட்டிய விரல். சத்தியநேசன் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கையால தொடல, சார். கம்பாலதான் எடுத்தேன்," என்றார், இரண்டு பேருக்கும் பொதுவாக.

"திருட்டுப் பயலே!" என்றார் அண்ணன்.

"திருட்டுப் பயலே!" என்றார் தம்பி.

அண்ணன், தம்பியின் வேட்டியோடு ஒரு ஆட்டோவிலும், தம்பி ஈர வேட்டியோடு இன்னொரு ஆட்டோவிலும் போய், பத்து வீட்டு இடைவெளியில் அவரவர் திதியை முடித்தார்கள். தம்பி நடுவில் பதினோரு தடவை தும்மியதாக வாத்தியார் வீட்டம்மா அப்புறம் சொன்னாள். மத்தியானம் திரும்பி வந்து லாட்ஜின் புகார்ப் புத்தகத்தை வாங்கினார்கள். அண்ணன் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். புத்தகம் மேஜை வழியாகத் தம்பியிடம் போனது. அவர் வாசித்தார், ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினார், கீழே "உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆமிர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, ஆவணி வரைக்கும்கூட வேண்டாம்," என்றான். "வெள்ளிக்கிழமை சோபா வருது."

"உன் ஆளுதானவே தொட்டான்?"

"நீங்க பார்த்தீங்க. மாரிசெல்வம் சொல்லிட்டான். ஒதுங்கி வழி விட்டீங்களாமே."

அதற்குத் தேன்மொழிதான் பதில் சொன்னாள், அவரை வீட்டுக்குள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு. எதிர்வீடு வரை கேட்டது: "உம்ம வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு சொல்லு சொல்லியிருந்தா நம்ம கூரை நம்ம கிட்ட இருந்திருக்கும்லா? மலையிலயும் எறக்கிவுட்டாங்க, இங்கனயும் எறக்கிவுடுதாங்க. அங்க நம்ம கையில ஒண்ணும் இல்ல. இங்க நீரு வச்சிருந்தீரு. வச்சிக்கிட்டே தொலைச்சீரு!"

தகரப் பெட்டி இரண்டும் என் வீட்டு முன்னறைக்கு வந்தன. நான் பெருந்தன்மைக்காரி என்று தெருவில் சொன்னார்கள். விஷயம் உடனுக்குடன் தெரியுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் புகார்ப் படம் எப்படியோ வக்கீல்கள் கைக்குப் போனது. 'எப்படியோ' என்றால், ஆமிர் அதை இணையத்தில் லாட்ஜ் பெயரில் போட்டு "தவறு செய்த ஊழியர் நீக்கப்பட்டார், மீண்டும் வருக" என்று எழுதியிருந்தான். ஒன்பது வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட காகிதம் அதுதான் ஒன்று. இரண்டு வக்கீல்களும் ஆளுக்கொரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். அந்தச் சமயத்தில்தான் ஆடிச் சாரலில் கல்லிடைக்குறிச்சி வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தது. ஆள் குடியிருந்து பராமரிக்காவிட்டால் வீட்டை இடித்துவிடுவோம் என்று பேரூராட்சி நோட்டீஸ் ஒட்டியது. யாரையாவது குடிவைக்க வேண்டும். அண்ணன் சொன்ன ஆளைத் தம்பி மறுத்தார். தம்பி சொன்ன ஆளை அண்ணன் மறுத்தார். ஏழு பேரை மறுத்த பிறகு, லக்ஷ்மிநாராயணன்தான் தன் வக்கீலிடம் சொன்னாராம்:

"அந்த லாட்ஜ்காரன் இருக்கானே. அவன் திருடன். ஆனா ரெண்டு பேர்கிட்டயும் சமமாத் திருடினவன். ஒருத்தன் பக்கம் சாய மாட்டான்."

முகுந்தன் தன் வக்கீலிடம், "எனக்கும் அவனைக் கண்டா ஆகாது," என்றாராம். சம்மதம் என்று அர்த்தம்.

சத்தியநேசனும் தேன்மொழியும் போன மாசம் அந்த வீட்டுக் கொல்லைப்புற அறைக்குக் குடிபோனார்கள். அக்ரஹாரத்தில் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணனிடம் சொன்னால் தம்பியின் ஆள் என்று பெயராகும், தம்பியிடம் சொன்னால் அண்ணனின் ஆள். முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பூட்டின் சாவியும் இப்போது சத்தியநேசனின் இடுப்பில்.

புரட்டாசி வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் லாட்ஜுக்கு வரவில்லை. ஆமிரின் சோபாவில் ஒரு பூனை படுத்திருக்கிறது. அவர்கள் சொந்த வீட்டில்தான் தங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேன்மொழிக்கு ஒரு ஜாக்கெட் பாக்கி இருந்தது. அதைக் கொடுக்கிற சாக்கில் பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், கூடத்துக்கு இடப்பக்க அறை அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. முற்றத்தில் இரண்டு கொடி. இரண்டு மூங்கில் கம்பு. ஆறுக்கு ஒருவர், ஏழரைக்கு ஒருவர்.

"யோவ் சத்தியநேசன்," என்று இடப்பக்க அறையிலிருந்து குரல். "வெந்நீர் ஏன் ஆறிக்கிடக்கு?"

"தம்பி சார் மொதல்ல குளிச்சுட்டாரு, சார்," என்றார் சத்தியநேசன் பணிவாக.

"அவனை யார் முதல்ல குளிக்கச் சொன்னா?"

வலப்பக்க அறைக்குப் போய், "அண்ணன் சார் என்னமோ கோவமா இருக்காரு, சார். என்னன்னு தெரியல," என்றார். அந்த அறையிலிருந்தும் கத்தல் கிளம்பியது. கொல்லையில் தேன்மொழி நிமிர்ந்து நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் தலை இடிக்காது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கூடத்தில் நின்று, இரண்டு கதவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "வயசாயிட்டுது. இந்த வெந்நீருக்குப் போயா சண்டை? ரெண்டு பேரும் சமாதானமாப் போயிரலாமே, சார்."

"முடியாது!" என்றது இடப்பக்கம்.

"முடியவே முடியாது!" என்றது வலப்பக்கம்.

தேன்மொழி டம்ளரை நங்கென்று வைத்தாள். சத்தியநேசன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆமிரைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. இடுப்பில் சாவி குலுங்க என் பக்கத்தில் வந்து, ஜாக்கெட் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பைய வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்.

"யக்கா," என்றார். "உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு."